ஜெபல் அலிக்கு வந்த தாவீது

துபாய் மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் ஜெபல் அலியிலிருந்து ஒரு கிளைப்பாதை பிரிகிறது. 15 கிலோமீட்டர் ஓடி எக்ஸ்போ நிலையத்தில் முடியும் அந்தப் பாதை, உலகக் கண்காட்சிக்காகவே போடப்பட்டது. கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போன ‘எக்ஸ்போ 2020’ அங்கே 2021 அக்டோபர் 1 முதல் 2022 மார்ச் 31 வரை நடந்தது. பதிவான வருகைகள் 2.4 கோடிக்கு மேல். அவற்றில் நம்மவர்களின் வருகையும் கணிசமாகத்தான் இருந்திருக்கும். அமீரகத்தில் தமிழ்க் குடும்பங்களுக்கா பஞ்சம்?

கண்காட்சியில் இத்தாலி அரங்கின் கூரை, மூன்று கப்பல் உடல்களைக் கவிழ்த்து வைத்த வடிவில் இருந்தது. பக்கத்திலேயே, மனிதர் வெட்டி உண்டாக்கிய துறைமுகங்களில் உலகிலேயே பெரியது என்று பேர் வாங்கிய ஜெபல் அலி துறைமுகம் இருக்கும்போது அது பொருத்தமான வடிவம்தான். அரங்குக்குள்ளே ஓர் எண்கோண மண்டபம். அதன் நடுவில் ஓர் இளைஞனின் தலையும் தோளும். மிச்ச உடல் கீழ்த்தளத்தில். அது மைக்கேலாஞ்சலோவின் தாவீது. இன்னும் சரியாகச் சொன்னால், ஃபிளாரன்ஸ் நகரின் அக்காதெமியா கூடத்தில் நிற்கும் தாவீதின் முழு அளவு நகல். இந்த நகலில் உளி படவில்லை. முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று ரெசினில் அடுக்கடுக்காக அதை வளர்த்தெடுத்தது.

நகல்தானே என்று கடந்து போய்விடலாம். ஆனால் ஒரு வேதக் கதை கல்லாகி, கல் எண்களாகி, எண்கள் மறுபடி உடலாக எழுந்த பாதையைப் பின்தொடர்ந்தால் நிலவியல், ஒளியியல், கட்டமைப்புப் பொறியியல், கணினி அறிவியல் என்று பல துறைகள் வழியில் வருகின்றன. இன்னொன்றும் தெரியவருகிறது. சிலையை எண்ணாக்கும் யோசனை கணினிக் காலத்தில் பிறந்ததல்ல. மைக்கேலாஞ்சலோ பிறப்பதற்கு முன்பே அது எழுத்தில் இருந்தது.

எல்லோருக்கும் தெரிந்த கதை

ஜெபல் அலியில் தேவாலயமும் குருத்வாராவும் இந்துக் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. தாவீதின் கதைக்கு அங்கே முன்னுரை வேண்டியதில்லை. கிறிஸ்தவர்களுக்கு அவர் கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்திய ஆட்டிடையன். முஸ்லிம்களுக்கு ஜாலூத்தைக் கொன்ற தாவூத் நபி. குர்ஆனின் இரண்டாம் அத்தியாயத்தில் இச்செய்தி வருகிறது.

மைக்கேலாஞ்சலோவுக்கு முன்பு தொனத்தெல்லோவும் வெரோக்கியோவும் தாவீதை வெண்கலத்தில் வார்த்திருந்தார்கள். இரண்டிலும் போர் முடிந்துவிட்டது. வெட்டுண்ட தலை காலடியில் கிடக்கிறது. மைக்கேலாஞ்சலோ அந்தத் தலையை எடுத்துவிட்டார். அவருடைய தாவீது இன்னும் கல்லை எறியவில்லை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. இடத் தோளில் கவண் தொங்குகிறது. வலக்கை இறுகியிருக்கிறது, புருவம் நெரிந்திருக்கிறது. வெற்றியை விட்டுவிட்டு வெற்றிக்கு முந்தைய பதற்றத்தைச் செதுக்கியதுதான் அவர் கதைக்குச் செய்த புதுமை.

அந்தப் பதற்றத்தை அவர் எவ்வளவு கூர்ந்து கவனித்தார் என்பதற்கு ஒரு மருத்துவச் சான்றும் உண்டு. சிலையின் கழுத்தில் ஜுகுலர் சிரை புடைத்திருப்பதை டேனியல் கெல்ஃப்மன் என்ற அமெரிக்க இதய மருத்துவர் 2019இல் ஒரு மருத்துவ இதழில் சுட்டிக்காட்டினார். நல்ல உடல்நலமுள்ள இளைஞர் நிமிர்ந்து நிற்கும்போது அந்தச் சிரை பொதுவாக வெளியே தெரியாது. உடல் கிளர்ச்சியுற்ற நிலையில் தெரியலாம். இரத்த ஓட்டத்தின் பாதையை வில்லியம் ஹார்வி நூலாக வெளியிட்டது 1628இல். சிலை முடிந்தது 1504இல். காரணம் தெரியாத காலத்திலேயே கண் அதைப் பிடித்துவிட்டது.

கழித்துக் கட்டிய கல்

தாவீதின் கல் கராரா மலையிலிருந்து வந்தது. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலடியில் படிந்த சுண்ணாம்பு வண்டல், பின்னர் மலைகள் எழுந்தபோது புதைந்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் மறுபடிகமாகி வெண்பளிங்கு ஆயிற்று. கல் எந்தச் சுரங்கத்தைச் சேர்ந்தது என்பதை உறுதிசெய்ய உதவியது ஒரு விபரீதம். 1991இல் ஒருவன் சுத்தியலால் சிலையின் இடக்கால் விரலை உடைத்தான். அப்போது சிதறிய துணுக்குகளை ஆராய்ந்தவர்கள், அவை கராராவின் ஃபாந்திஸ்கிரித்தி சுரங்கங்களோடு ஒத்துப்போவதைக் கண்டார்கள்.

கல் நல்ல கல்லும் அல்ல. 1464இல் ஆகோஸ்தினோ தி தூச்சோ அதில் வேலை தொடங்கி விட்டுவிட்டார். பிறகு அந்தோனியோ ரொசெல்லினோவிடம் போய், அவரிடமும் நிற்கவில்லை. அகலம் போதாத, ஏற்கெனவே கொத்தப்பட்ட அந்தப் பாளம் ஃபிளாரன்ஸ் பேராலய முற்றத்தில் பல பத்தாண்டுகள் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. 1501 ஆகஸ்டில் ஒப்பந்தம் மைக்கேலாஞ்சலோவுக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது 26. கல்லில் மிச்சமிருந்த இடத்துக்குள்தான் உடலைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தாவீது முன்பின்னாக இவ்வளவு ஒல்லியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மாமல்லபுரத்துக் கருங்கல்லில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் சேர்ந்திருக்கும். மோஸ் கடினத்தன்மை அளவில் அவை முறையே 7, 6 என்று வரும். பளிங்கு பெரும்பாலும் கால்சைட். அதன் எண் 3. அதனால்தான் கராரா கல்லில் நகக்கண்ணும் நரம்பும் செதுக்க முடிந்தது. கால்சைட் என்பதாலேயே அமிலம் பட்டால் அது கரையும். 1843இல் சிலையைச் சுத்தம் செய்கிறோம் என்று ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தடவினார்கள். மைக்கேலாஞ்சலோவின் கை பட்ட மேற்பரப்பில் ஒரு பங்கு அன்றைக்குப் போயிற்று.

எண்ணாக்கும் கனவு

லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி 15ஆம் நூற்றாண்டின் கட்டடக் கலைஞர், அறிஞர். சிலை பற்றி லத்தீனில் அவர் எழுதிய சிறு நூலில் ஒரு கருவியை விவரிக்கிறார். உருவத்தின் தலைமேல் வட்டத் தட்டு ஒன்றை வைக்க வேண்டும். தட்டின் விளிம்பில் பாகைகள் குறிக்கப்பட்டிருக்கும். நடுவிலிருந்து ஒரு கோல் சுழலும். கோலிலிருந்து தூக்குக்குண்டு நூல் தொங்கும். உடலின் எந்தப் புள்ளியை எடுத்தாலும் கோல் நின்ற பாகை, மையத்திலிருந்து உள்ள தூரம், நூலின் நீளம் ஆகிய மூன்று எண்கள் கிடைக்கும். இன்று கல்லூரிக் கணிதத்தில் உருளை ஆயத்தொலைவுகள் என்று படிப்பது இதைத்தான். இந்த எண்கள் கையில் இருந்தால் ஒரு சிலையின் பாதியை கிரேக்கத்தின் பாரோஸ் தீவிலும் மறுபாதியை கராரா பக்கத்து மலையிலும் தனித்தனியே செதுக்கலாம். சேர்த்தால் பொருந்தும் என்றார் ஆல்பெர்ட்டி.

நம் ஸ்தபதிகளுக்கு இந்தத் தூக்குநூல் புதியதல்ல. மானசாரம் என்னும் சிற்ப நூலில் பிரலம்பம் எனப்படும் தூக்குநூல் முறைக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. உருவத்துக்கு மேலே துளையிட்ட பலகை ஒன்றை நிறுத்தி, துளைகள் வழியாகத் தூக்குநூல்களை இறக்கி, மூக்கு, மார்பு, வயிறு, முழங்கால் ஒவ்வொன்றும் நூலிலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்று அது வகுக்கிறது. உயரத்தைக் கூறுகளாகப் பிரிக்கும் தாலமானமும் உண்டு. பெருந்தெய்வங்களுக்குரிய உத்தம தசதாலத்தில் மொத்த உயரம் 124 கூறு. ஆனால் நோக்கம் வேறு. ஸ்தபதியின் எண்கள் இன்னும் பிறக்காத உருவத்துக்கு இலக்கணம் சொல்கின்றன. ஆல்பெர்ட்டியின் எண்கள் இருக்கும் உருவத்தைப் பதிவு செய்கின்றன. துபாய்க்கு வந்தது இரண்டாவது வகை.

ஆல்பெர்ட்டியின் கனவுக்கு நீண்ட காலம் சரியான கருவி இல்லை. அதுவரை பிளாஸ்டர் அச்சு எடுத்தார்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் தாவீது நகல் 1857இல் டஸ்கனி ஆட்சியாளர் விக்டோரியா அரசிக்கு அனுப்பியது. கிளெமெந்தே பாப்பி என்ற வார்ப்புக் கலைஞர் உருவாக்கிய அதன் அச்சு 1,500க்கு மேற்பட்ட துண்டுகளால் ஆனது. கல்மேல் ஒன்றை ஒட்டிப் பிரித்தெடுக்கும்போதெல்லாம் கல்லுக்கு ஆபத்துதான்.

ஒளியால் அளப்பது

தொடாமல் அளக்கும் காலம் 1990களில் வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெவோய் தலைமையில் ஒரு குழு 1998–99இல் ஃபிளாரன்ஸில் தங்கி, மைக்கேலாஞ்சலோவின் சிலைகளை லேசரால் ஸ்கேன் செய்தது. முறை பள்ளிக்கூட முக்கோணவியல்தான். சிலைமீது ஒரு லேசர் கோட்டைப் பாய்ச்சி, கேமராவைப் பக்கவாட்டில் வேறொரு கோணத்தில் வைக்கிறார்கள். பரப்பு மேடாக இருந்தால் கோடு ஒரு பக்கம் வளையும், பள்ளமானால் மறுபக்கம். லேசருக்கும் கேமராவுக்கும் இடைத்தூரம் தெரியும், கோணங்கள் தெரியும். மீதியை முக்கோணம் சொல்லிவிடும். கால் மில்லிமீட்டர் இடைவெளியில் புள்ளிகள் எடுத்துச் சேர்த்தபோது தாவீது சுமார் 200 கோடி முக்கோணங்களாகக் கணினிக்குள் வந்தார்.

வேலையின் நடுவில் ஒரு சங்கடம். சிலையின் உயரம் 434 சென்டிமீட்டர் என்று கலை வரலாற்று நூல்களில் இருந்தது. அதை நம்பிக் கருவியைச் செய்துகொண்டு போயிருந்தார்கள். அளந்தால் 517! கருவியை உயர்த்த வேண்டி வந்தது. உலகம் முழுவதும் அறிந்த, ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் வந்து பார்க்கும் சிலையின் உயரம் நூல்களில் 83 சென்டிமீட்டர் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களே தவிர, ஏணி போட்டு அளக்கவில்லை.

இன்னொரு தொல்லை கல்லின் இயல்பிலிருந்தே வந்தது. பளிங்கில் படும் ஒளி முழுவதும் மேற்பரப்பில் திரும்பிவிடுவதில்லை. ஒரு பகுதி உள்ளே புகுந்து, கால்சைட் படிகங்களுக்கிடையே சிதறி, சற்றுத் தள்ளி வெளியே வருகிறது. பளிங்குச் சிலை தோல்போல மென்மையாகத் தெரிவது இதனால்தான்; நம் தோலிலும் ஒளி இப்படியே உள்ளே போய்ச் சிதறி வெளிவருகிறது. ஆனால் லேசர் அளவீட்டில் இது பிழையைக் கொண்டுவரும். கருவிக்கு மேற்பரப்பு எங்கே என்பதில் சிறு குழப்பம். இந்தச் சிதறலைக் கணக்கிட ஹென்ரிக் வான் ஜென்சன், லெவோய் உள்ளிட்ட நால்வர் 2001இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த பொருள்களில் பளிங்கும் பாலும் தோலும் இருந்தன. திரைப்படங்களில் கணினி உருவாக்கும் பாத்திரங்களுக்கு உயிருள்ள தோல் கிடைத்ததில் அந்த மாதிரிக்குப் பெரும் பங்கு உண்டு. 2004இல் அதற்கு ஆஸ்கர் தொழில்நுட்ப விருதும் வந்தது.

துபாய் நகலுக்காகச் சிலையை மறுபடியும் அளந்தார்கள். ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிராத்சியா தூச்சி இதற்குத் தலைமை தாங்கினார். இம்முறை லேசரோடு, வரிவரியான ஒளிக்கோலங்களைப் பாய்ச்சிக் கேமராக்களால் படிக்கும் கருவியும் சேர்ந்தது. பிறகு அச்சு. கணினி உருவத்தைக் கிடைமட்ட அடுக்குகளாக வெட்டிக்கொள்கிறது. கெட்டியான ரெசின் கூழை இயந்திரம் அடுக்கின் விளிம்பு நெடுகப் பிழிந்துகொண்டே போக, புற ஊதா ஒளி அதை உடனுக்குடன் இறுக்குகிறது. 14 பகுதிகளாக அச்சான உடலை இணைத்து, ஃபிளாரன்ஸின் சீரமைப்புக் கலைஞர் நிக்கோலா சால்வியோலியின் குழு மேலே பளிங்குத் தூள் பூசியது. வெறும் ரெசினின் வடிவம் சரியாக இருந்தாலும், ஒளியை அது பளிங்குபோல வாங்கித் தராது. கடைசியில் கல்லின் உதவி இல்லாமல் முடியவில்லை.

அடுக்கடுக்காகப் பார்ப்பதும் புதிதல்ல என்பதுதான் வேடிக்கை. மைக்கேலாஞ்சலோவின் முடிவுபெறாத கைதிச் சிலைகளைப் பற்றி எழுதும் வசாரி (கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர்), செதுக்கும் முறையை இப்படி விளக்குகிறார்: மெழுகு உருவம் ஒன்றை நீர்த்தொட்டியில் கிடத்தி மெல்ல மெல்லத் தூக்கினால், முதலில் மிக உயர்ந்த பகுதியும் பிறகு அடுத்தடுத்த பகுதிகளும் வெளிவரும், கல்லிலும் அதே வரிசையில் உருவத்தை வெளியே எடுக்க வேண்டும். தண்ணீர் மட்டம் அங்கே அடுக்கைக் காட்டியது, இங்கே கணினி காட்டுகிறது. சிற்பி கழித்துக்கொண்டே போனார்; இயந்திரம் சேர்த்துக்கொண்டே போகிறது.

கணுக்காலில் விரிசல்

எண்களின் பயன் நகல் எடுப்பதோடு நிற்கவில்லை. ஃபிளாரன்ஸ் தாவீது ஐந்து டன்னுக்கு மேல் எடை. அத்தனையையும் தாங்குவது இரண்டு கணுக்கால்களும், துணைக்குக் கல்லிலேயே விடப்பட்ட ஒரு மரத்தண்டு வடிவமும். அந்தப் பகுதியில் மயிரிழை விரிசல்கள் இருக்கின்றன.

இதற்கான விதியைச் சொன்னவரும் ஃபிளாரன்ஸில் வாழ்ந்தவர்தான். 1638இல் வெளியான நூலில் கலிலியோ விளக்கியது இது: ஓர் உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெருக்கினால் எடை எட்டு மடங்காகும், கணுக்காலின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். அதாவது ஒவ்வொரு சதுர அங்குலமும் இரண்டு மடங்கு சுமக்க வேண்டும். ஆளுயரச் சிலைக்குப் போதுமான கணுக்கால் ஐந்து மீட்டர் சிலைக்குப் போதாமல் போவது இப்படித்தான்.

2014இல் இத்தாலியின் தேசிய ஆராய்ச்சி மன்றமும் ஃபிளாரன்ஸ் பல்கலைக்கழகமும் இதைச் சோதித்தன. 10 சென்டிமீட்டர் பிளாஸ்டர் தாவீதுகளைச் செய்து, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்தார்கள். சுழற்சியில் பொருளின் எடை பல மடங்கு கூடுவதால், சிறு பொம்மையின் கணுக்காலும் பெருஞ்சிலையின் கணுக்கால் படும் பாட்டைப் படும். பொம்மையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில், சுமார் 5 பாகைச் சாய்வு நீண்ட காலம் நீடித்திருந்தால் இப்போதைய விரிசல்கள் உண்டாகியிருக்கும் என்று தெரிந்தது. சிலை 1504 முதல் 1873 வரை நகரச் சதுக்கத்தில் திறந்தவெளியில் நின்றது. அங்கே அது சற்றே சாய்ந்திருந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்று நேராக நிற்கிறது. நிலநடுக்கம் வரக்கூடிய நகரில் அடுத்து என்ன பாதுகாப்புச் செய்யலாம் என்பதை இப்போது எண்களை வைத்துப் பேச முடிகிறது.

மறைத்தலும் காட்டலும்

எக்ஸ்போவில் பெரும்பாலான பார்வையாளர்களுக்குத் தலையும் தோளும் மட்டுமே தெரியும்படி சிலை நிறுத்தப்பட்டதைப் பற்றி இத்தாலிப் பத்திரிகைகளில் விவாதம் நடந்தது. தரையிலிருந்து அண்ணாந்து பார்த்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க வைப்பதே நோக்கம் என்றது இத்தாலித் தரப்பு. நிர்வாணத்தை மறைக்கும் ஏற்பாடு என்றார்கள் விமர்சித்தவர்கள். நபிமார்களை உருவமாக வடிப்பதை இஸ்லாமிய மரபு பொதுவாக ஏற்பதில்லை என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

ஆனால் இதை வளைகுடாவின் தனிக்குணமாக நினைப்பது வரலாற்றை மறப்பதாகும். ஃபிளாரன்ஸே சிலைக்கு இடுப்பில் செப்பு இலை மாலை கட்டியது. லண்டனில் அரச குடும்பத்துப் பெண்கள் வரும்போது மாட்டிவிடுவதற்கென்று பிளாஸ்டரில் ஓர் அத்தி இலை செய்து வைத்திருந்தார்கள். அந்த இலை இன்றும் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. துபாயில் அந்த வேலையைத் தளத்தின் தரை செய்தது. முறைதான் வேறு.

நமக்கு என்ன

ஒரு சிலையின் உயரத்தையே உலகம் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அளந்த பிறகுதான் உயரமும் தெரிந்தது, விரிசலின் காரணமும் தெரிந்தது. தமிழ்நாட்டுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடுபோன நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருப்பது தெரிந்தபோது, அது நம்முடையதுதான் என்று நிறுவ உதவியது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் கோப்பிலிருந்த பழைய புகைப்படம். 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியா திரும்பினார். ஒரு புகைப்படமே இவ்வளவு செய்ததென்றால், கால் மில்லிமீட்டர் துல்லியத்தில் ஒரு முப்பரிமாணப் பதிவு என்ன செய்யாது? உளியின் தடம், வார்ப்பின் கொப்புளம், உடைந்த விரல் எல்லாம் அதில் இருக்கும். எந்தத் திருடனாலும் மாற்ற முடியாத அடையாளம் அது.

கடற்காற்று அரித்துக்கொண்டிருக்கும் மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கும், பூட்டிய அறைகளில் இருக்கும் செப்புத் திருமேனிகளுக்கும் இந்தப் பதிவு அவசரத் தேவை. ஸ்கேன் கருவிகளின் விலை குறைந்துவிட்டது. நல்ல கைபேசியை வைத்தே தொடக்கப் பதிவு செய்யலாம். கோயில் நிர்வாகம், தொல்லியல் துறை, பொறியியல் கல்லூரிகள் மூன்றும் சேர்ந்தால் ஒவ்வொரு மாவட்டத்திலும் இதைத் தொடங்க முடியும். தூக்குநூல் இறக்கி 124 கூறாக அளந்து உருவம் படைத்தவர்களின் வழிவந்தவர்கள், இருக்கும் உருவங்களை அளந்து வைக்காமல் இருப்பதற்குச் சாக்கு எதுவும் இல்லை.